பேர் போடாத வேலை: மலையக இலக்கியத்தில் அடுப்பும் விளக்கும்

1

மலையக இலக்கியத்தை மதிப்பிடுவதற்கு எமது திறனாய்வு இதுகாறும் கைக்கொண்டு வந்த அளவுகோல்கள் சில உள. குடியுரிமை, கூலி, தொழிற்சங்கம், துரைமார் கங்காணிமார் அதிகாரம், இன அடையாளம் என்பனவே அவை. இவை வெறும் ஏட்டுக் கருத்துகள் அல்ல. வரலாற்றுத் தேவையின் விளைவாக எழுந்தவை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டு, 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தால் இரு நாடுகளுக்கிடையே பங்கிடப்பட்ட ஒரு மக்கட் கூட்டத்தின் எழுத்து உரிமையையே முதற்கண் பேசும் என்பதில் வியப்பில்லை. அவ்வெழுத்தை ஆராய வந்தோரும் அவ்வுரிமைக் குரலையே அதன் உயிர்நிலையாகக் கண்டனர்.

ஆயினும் இவ்வளவுகோல்களுள் அடங்காத ஒரு பெரும் வாழ்க்கைக் கூறு உண்டு. அதுவே அடுப்படி. விறகு எங்கிருந்து வந்தது, அதனை யார் சுமந்து வந்தார், விடியற் பொழுதில் எத்தனை மணிக்கு நெருப்பு மூட்டப்பட்டது, எந்த வெளிச்சத்தில் உலை வைக்கப்பட்டது என்னும் வினாக்களை நாம் எமது இலக்கியத்திடம் கேட்டதில்லை. அவற்றைக் கேட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோட்ட வழக்கில் 'பேர்' என்றொரு சொல் உண்டு. ஒருநாள் வேலைக்காகச் செக்றோலிலே பதியப்படுவது பேர். குறித்த நிறைக்குக் கொழுந்து கொணராதவளுக்கு அரைப் பேர். பேர் இருந்தாற் சம்பளம் உண்டு. பேர் இல்லையேல் அந்நாள் கணக்கில் இல்லை. ஓர் எழுத்தும் எண்ணும் சேர்ந்து ஒருவரின் உழைப்பு உழைப்புத்தான் என்பதை ஏற்றுக்கொள்ளும் முறை அது. இச்சொல்லை நாம் ஈண்டுத் திறனாய்வுச் சொல்லாக எடுத்துக்கொள்கின்றோம். தோட்ட நிர்வாகத்தின் செக்றோலிலே இடம்பெறாத பெண்களின் உழைப்பு, தோட்டத்து மக்களுக்காகப் பேசவந்த எமது இலக்கியத்தின் செக்றோலிலாவது இடம்பெற்றதா என்பதே எமது வினா. பெரும்பாலும் இல்லை என்பதே நாம் கண்ட விடை. எமது திறனாய்விலும் அது இடம்பெறவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

2

இலக்கியத்தை நோக்குமுன்னர் அவ்வுழைப்பின் தன்மையைச் சிறிது விளக்குதல் பொருத்தமாகும்.

கொழுந்து பறிக்கும் பெண்ணின் நாள் பெரட்டுக்கு வெகு முன்னரே தொடங்கி விடுகின்றது. கிழக்கு வெளுக்குமுன் எழுந்து, அடுப்பு மூட்டி, தேத்தண்ணீர் வைத்து, ரொட்டி சுட்டு, சம்பல் அரைத்து, கணவனுக்கும் பள்ளி செல்லும் பிள்ளைகளுக்கும் ஆக்கிவைத்து, கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டபின்னரே அவள் மலைக்குச் செல்கின்றாள். நண்பகலில் நிறுவை முடிந்ததும் மீண்டும் அடுப்படி. மாலை நிறுவை முடிந்து திரும்பியதும் மறுபடியும் அடுப்படி. கவ்வாத்து, முள்ளுக் குத்துதல் முதலாய ஆண்களின் வேலைகள் கணக்கு வேலைகளாதலால் அவற்றைப் பிற்பகலிலேயே முடித்துத் திரும்ப இயலும். கொழுந்து வேலையோ மாலைவரை நீளும். இவ்வாறிருந்தும் பெண்களுக்கு ஆண்களிலும் குறைந்த நாட்சம்பளமே நெடுங்காலம் வழங்கப்பட்டது. 1984ஆம் ஆண்டிலேதான் இருபாலார்க்கும் சமமான நாட்சம்பளம் கிட்டியது. அச்சமத்துவம் மலைக்கு மட்டும் உரியது. லயத்தின் வாசலோடு அது நின்றுவிட்டது. 1982ஆம் ஆண்டில் சர்வதேசத் தொழில் நிறுவனம் வெளியிட்ட ரேச்சல் குரியனின் ஆய்வு, பெருந்தோட்டப் பெண்ணின் இவ்விரட்டைச் சுமையைத் தெளிவுற எடுத்துக்காட்டியது. ஆனால் அவ்வாய்வைப் பொருளியலார் படித்த அளவுக்கு இலக்கிய மாணவராகிய நாம் படிக்கவில்லை.

இனி விறகைப் பற்றி. நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, பொகவந்தலாவை ஆகிய பகுதிகள் ஈரமும் குளிரும் மிக்கவை. அங்கு விறகு தேடுதல் ஒரு வேலை. கிடைத்த விறகைக் காயவைத்தல் இன்னொரு வேலை. மலை கவ்வாத்து வெட்டப்படும் காலத்தில் வெட்டுண்ட தேயிலைக் கிளைகளாகிய மிலாறு கிடைக்கும். ஆயின் ஒரு மலைக்குக் கவ்வாத்து வருவது சில ஆண்டுகளுக்கு ஒருமுறையே. எனவே இவ்வாண்டு அருகில் மிலாறு பொறுக்கியவள் அடுத்த ஆண்டு தொலைவான மலைக்கு நடக்கவேண்டும். கவ்வாத்துக் கழிவை மலையிலேயே விட்டால் அது மக்கி மண்ணை வளப்படுத்தும் என்பது பயிரியலார் கூற்று, அதுவும் உண்மையே. தோட்டத்துத் தொழிற்சாலையோ கொழுந்தை வாட்டவும் உலர்த்தவும் பெருந்தொகை விறகை எரிக்கின்றது. ஆகவே மண்ணுக்கும் தொழிற்சாலைக்கும் வீட்டு அடுப்புக்கும் இடையே ஓயாத போட்டியொன்று நிகழ்கின்றது. அப்போட்டியில் வீட்டு அடுப்பின் சார்பாக மலை ஏறுபவள் பெண்ணே. கொழுந்துக் கூடையை இறக்கிய அதே தலையில், வேலையற்ற ஞாயிற்றுக்கிழமையிலும் அவள் விறகுக் கட்டை ஏற்றுகின்றாள். முதலாவது சுமைக்கு நிறுவை உண்டு. இரண்டாவதற்கு இல்லை.

அவ்விறகு எரியும் இடத்தையும் நோக்கவேண்டும். பழைய லயத்தில் ஒரு குடும்பத்துக்குரியது பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்ட ஒரு காம்பராவும் அதன் முன்னுள்ள இஸ்தோப்பும் ஆகும். முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயங்களிற் பின்புறத்துச் சாளரத்துக்கும் இடமில்லை. புகைபோக்கி என்பது அக்கட்டட அமைப்பில் எண்ணிப் பார்க்கப்படாத ஒன்று. உறங்கும் அறையே சமையலறையாகவும், ஈர விறகைக் காயவைக்கும் பரணாகவும், மழையில் நனைந்த கம்பளியையும் படங்கையும் உலர்த்தும் இடமாகவும் அமைந்தது. வீட்டகத்துப் புகையால் விளையும் காற்று மாசு 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 32 இலட்சம் உயிர்களைக் கொண்டது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. புகையை அடுத்திருந்து நெடுநேரம் உட்கொள்பவர் பெண்களும் அவர்தம் மடியிலுள்ள குழந்தைகளுமே என்பதைத் தனித்துக் கூறவேண்டியதில்லை.

3

இப்பின்னணியில் எமது இலக்கியத்துக்கு வருவோம்.

மலையகத்தின் வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்தோருள் முதன்மையானவர் சி. வி. வேலுப்பிள்ளை. 1983ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' இத்துறையில் எமக்கு இன்றும் ஆதாரமான தொகுப்பு. கடல் கடந்து வந்த துயரம், கங்காணியின் கடுமை, துரையின் அதிகாரம், கொழுந்து மலையின் பாடு என்பன மலையக வாய்மொழி மரபின் பெரும் பொருள்கள். கோ. நடேசய்யரோடு தோட்டந்தோறும் சென்று தொழிலாளர் முன்னிலையிற் பாடிய மீனாட்சியம்மாளின் பாடல்களும் உரிமையுணர்வை ஊட்டவே எழுந்தன. இம்மரபு எழுத்திலக்கியத்துக்குக் கையளித்த முதன்மைப் படிமம் கொழுந்துக் கூடை எனலாம்.

அப்படிமம் உச்சம் பெற்றது என். எஸ். எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' என்னும் சிறுகதையில். 1980ஆம் ஆண்டு வெளிவந்த அவரது தொகுதிக்கும் அதுவே பெயராயிற்று. கூடையின் நிறையே ஒரு பெண்ணின் மானத்தை நிறுக்கும் கருவியாகிவிடும் நிலையை அக்கதை காட்டுகின்றது. ஈழத்துச் சிறுகதை வரலாற்றில் அதற்குரிய இடம் ஐயத்துக்கிடமற்றது. பெண்ணை இரக்கத்துக்குரிய பொருளாக நோக்காது, தன் தொழிற்றிறத்திற் பெருமை கொள்ளும் உழைப்பாளியாக நோக்கியமை அதன் தனிச் சிறப்பு. நாம் இங்குச் சுட்ட விரும்புவது கதையின் குறையையன்று. அதன் வெற்றி எமது திறனாய்வில் ஏற்படுத்திய விளைவையே. அக்கதைக்குப் பின்னர், பெண்ணின் உழைப்பென்றாற் கூடை என்றே நாம் படித்துப் பழகிவிட்டோம். கூடையின் நிறை என்பது சுரண்டுவோன் வகுத்த அளவை. அவ்வளவை நேர்மையாக நிறுக்கப்படவேண்டும் என்று போராடுவது நியாயமே. ஆனால் உழைப்பை அளக்க அதுவன்றி வேறு அளவை இல்லை என்று கொள்வது, நிறுவைத் தராசின் உரிமையாளனுடைய பார்வையை எமதாக்கிக் கொள்வதாகும்.

தெளிவத்தை ஜோசப்பின் 'காலங்கள் சாவதில்லை' (1974) முதலாய நாவல்கள் தோட்ட வாழ்வை உள்ளிருந்து கண்டு எழுதப்பட்டவை. வெளியிலிருந்து வந்து பார்த்தோரின் அனுதாப எழுத்துக்கும் இவற்றுக்கும் உள்ள வேறுபாடு மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. லயத்தின் பேச்சும் மணமும் இவ்வெழுத்துகளிலேயே உயிர்பெற்றன. எனினும் பொதுப் போக்கை நோக்குமிடத்து, மலையகப் புனைகதைகளில் அடுப்பு எரியும் இடங்கள் இருவகைப்படும். ஒன்று, கதை தொடங்கும் விடியற்காலை. மற்றையது, நிகழ்ச்சி முடிந்து எல்லோரும் வீடு திரும்பிய இரவு. இரண்டிடத்தும் அடுப்பு வறுமைச் சூழலின் ஓர் அடையாளமாக எரிந்துவிட்டு அணைகின்றது. அது பின்னணி, வினையன்று. வேலை நிறுத்தத்தால் ஒரு வாரம் சம்பளம் நின்றாற் கதை நகரும். விறகு கிடையாமல் ஒரு வாரம் அடுப்பு எரியாவிடில் அது கதைக்குரிய நெருக்கடியாகக் கொள்ளப்படுவதில்லை.

திறனாய்வாளராகிய நாமும் இதனையே செய்தோம். கதையில் வரும் புகையைக் குறியீடாக விளக்கினோம்: உள்ளத்தின் புகைச்சல், எழுச்சிக்கு முந்திய கனல் என்றெல்லாம் உரை வகுத்தோம். புகை முதலிற் புகை என்பதையும், அது ஒருத்தியின் கண்ணையும் நெஞ்சையும் கெடுப்பது என்பதையும் மறந்து விளக்கினோம். குறியீட்டாய்வு தவறென்பது எமது கருத்தன்று. பொருளைப் பொருளாகக் கண்ட பின்னரே அதனைக் குறியீடாகக் காணும் தகுதி எமக்கு உண்டாகும் என்பதே கருத்து.

இங்குக் கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' (1964) தனித்து நோக்கத்தக்கது. தமிழகத்திலிருந்து தோட்டத்துக்கு வந்த வள்ளி என்னும் பெண்ணின் வாழ்க்கைப் போக்கையே நாவலின் போக்காக அது அமைத்துக்கொண்டது. பெண்ணொருத்தி எழுதியது என்பதனாலன்றி, இவ்வமைப்பினாலேயே வீட்டகத்தினுள் நுழையும் வாய்ப்பு அதற்குக் கிட்டியது. போராட்டத்தை மையமாகக் கொண்ட நாவலின் காலம் பெரட்டுக்கும் கூட்டத்துக்கும் இடையே ஓடுவது. ஒரு வாழ்க்கையை மையமாகக் கொண்ட நாவலின் காலமோ பிறப்பு, பிள்ளைப்பேறு, நோய், முதுமை என வீட்டினூடாக ஓடுவது. 'அரசியற் கூர்மை குறைந்தது' என்று அந்நாவலை ஒதுக்குவோர் உளராயின், அவர்கள் எந்த அரசியலைத் தேடினர் என்று நாம் கேட்டல் தகும்.

4

அடுப்பிலிருந்து விளக்குக்கு வருவோம். மின்சாரம் பற்றி மலையகத்திற் பேசப்படும் முதன்மையான முரண் யாவரும் அறிந்ததே: நாட்டுக்கு வெளிச்சம் தந்த மலைகளின் லயங்கள் இருளிற் கிடந்தன என்பது. அதன் மெய்ம்மையை வரலாறு உறுதிப்படுத்துகின்றது. நீர்மின் வலுவின் பொருளாதாரத்தை 1918ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தவர் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர. அவரது கனவு 1950ஆம் ஆண்டு லக்சபானவில் நனவாயிற்று. நோர்ட்டன் பிரிட்ஜை அடுத்து அவர் பெயர் தாங்கிய மின்னிலையம் 1965ஆம் ஆண்டிலும், புதிய லக்சபான 1974ஆம் ஆண்டிலும், கனியன் 1983ஆம் ஆண்டிலும், கொத்மலை 1985ஆம் ஆண்டிலும், மேல் கொத்மலை 2012ஆம் ஆண்டிலும் எழுந்தன. காசல்ரீயும் மவுசாக்கலையும் நீர்த்தேக்கங்களாயின. பழைய மஸ்கெலியா நகர் மவுசாக்கலை நீரின் கீழ் அமிழ்ந்தது. நீர்மட்டம் தாழும் காலங்களில் அதன் வழிபாட்டிடங்கள் இன்றும் தலைகாட்டுவதுண்டு. இவ்வளவும் நிகழ்ந்த மலைகளிலே, மின்கம்பிகள் லயத்துக் கூரைக்கு மேலாகச் சென்றனவேயன்றி நெடுங்காலம் உள்ளே இறங்கவில்லை. தொழிற்சாலைக்கும் துரை பங்களாவுக்கும் வெளிச்சம் இருந்தது. லயத்துக்குக் குப்பி விளக்கே இருந்தது. குடியிருக்கும் காம்பரா தனக்கு உரியதன்று என்பதால், மின்னிணைப்புப் பெறுவதற்கும் தோட்ட நிர்வாகத்தின் இசைவை நாடவேண்டிய நிலை இருந்தது. நிலவுரிமையும் வெளிச்சமும் ஒன்றோடொன்று பிணைந்திருந்தன.

குப்பி விளக்கின் தீமையும் சிறிதன்று. எளிதிற் சரியும் போத்தலும் இறுக மூடாத திரியும் இந்நாட்டின் ஏழை வீடுகளிற் பலரை எரித்தன. சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, தீக்காயமுற்றோருக்குச் சிகிச்சையளித்த அனுபவத்தால் உந்தப்பட்டு, குட்டையான, கனத்த, திருகு மூடியுள்ள பாதுகாப்பு விளக்கொன்றை வடிவமைத்தார். அம்முயற்சிக்கு 1998ஆம் ஆண்டு ரோலக்ஸ் விருது கிட்டியது. ஒரு போத்தலின் வடிவம் ஓர் உயிரைக் காக்கும் என்பதை அறிந்துகொள்ள அவர் விளக்கை விளக்காகவே நோக்கவேண்டியிருந்தது.

எமது எழுத்தில் விளக்கு பெற்ற பொருள் வேறு. குப்பி விளக்கின் அடியில் அமர்ந்து படிக்கும் சிறுவன் மலையகக் கல்வி எழுச்சியின் படிமமானான். எம்முட் சிலரே அவ்வெளிச்சத்திற் படித்தவர்கள். ஆகவே அப்படிமத்தின் உணர்ச்சி வலிமையை நாம் மறுக்க முடியாது. ஆயின் அப்படிமத்தினுள் யார் இல்லை என்று பாருங்கள். மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றவள் இல்லை. திரியைக் கத்தரித்துச் சிம்னியைத் துடைத்தவள் இல்லை. விளக்குப் பிள்ளையிடம் இருந்ததால் அடுப்பு வெளிச்சத்திலேயே உலையைப் பார்த்தவள் இல்லை. பெரும்பாலும், படிப்பை நிறுத்திவிட்டு அவளுக்குத் துணையாக விறகு பொறுக்கச் சென்ற அக்காளும் இல்லை. வெளிச்சத்திற் படித்தவன் எழுத்தாளனானான். தன்னைச் சுற்றி வெளிச்சம் விழுந்த வட்டத்தை எழுதினான். அவ்வட்டத்துக்கு வெளியே இருந்தோரின் செலவிலேயே அவ்வட்டம் அமைந்தது.

மின்சாரம் வந்த பின்னர் நிகழ்ந்ததும் எமது வாதத்துக்குத் துணைசெய்கின்றது. 2012ஆம் ஆண்டின் தொகைமதிப்பில், நாட்டின் வீடுகளுள் பத்தில் எட்டுக்கு மேற்பட்டவை மின்சாரத்தால் ஒளி பெற்றன. அதே தொகைமதிப்பில் நான்கில் மூன்றுக்கு மேற்பட்ட வீடுகள் விறகாலேயே சமைத்தன. ஆக, ஒளி மாறியது, நெருப்பு மாறவில்லை. மின்மயமான வீடு என்று கணக்கிற் சேர்க்கப்படும் இல்லங்களுட் பெரும்பாலானவற்றின் அடுப்பு பழைய அடுப்பே. 'மலைகள் வெளிச்சம் தந்தன, லயம் இருளிற் கிடந்தது' என்னும் முரணை மட்டும் பாடி வந்த இலக்கியம், மின்குமிழ் ஒளிர்ந்ததும் தன் பாட்டு முடிந்ததாகக் கருதும் இடர் இங்கேதான் உள்ளது. அம்முரண் மெய்யே, ஆயின் அது பாதி மெய். அது கேட்டது விளக்கை மட்டுமே.

விளக்கு நன்மை தரவில்லை என்று நாம் சொல்வதாகக் கொள்ளலாகாது. பிள்ளைகளின் கண்ணும் படிப்பும் பிழைத்தன. இரவில் வெளியே செல்லும் பெண்ணின் அச்சம் குறைந்தது. ஆனால் முன்பு இருட்டிவிட்டால் நாளைக்கு என்று விடப்பட்ட வேலைகள் இரவிலேயே முடிக்கப்படவேண்டியவையாயின. தொலைக்காட்சியின் முன் குடும்பம் அமர்ந்திருக்க, அவள் அதே அறையின் மூலையிற் பாத்திரம் தேய்த்தாள். அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் சுவார்ட்ஸ் கோவன் 1983ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், வீட்டுச் சாதனங்கள் பெருகியும் தாயின் வேலை குறையாமற்போன கதையை ஆராய்ந்தார். வசதி மிக்க அந்நாட்டு நடுத்தர வகுப்புக்கும் எமது லயத்துக்கும் உள்ள தொலைவு பெரிது. எனினும் கருவி மாறினால் உழைப்புப் பங்கீடு தானே மாறிவிடாது என்னும் அவரது முடிபு இங்கும் பொருந்துகின்றது.

5

'அடுப்பை மாற்றிவிட்டாற் போயிற்று' என்பது எளிய விடை. அதன் வரலாறு அத்துணை எளிதன்று. 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியை உலகம் பேசிக்கொண்டிருந்த காலத்தில், 1975ஆம் ஆண்டு எரிக் எக்ஹோம் விறகுப் பஞ்சத்தை 'மற்றைய எரிபொருள் நெருக்கடி' என்று பெயரிட்டழைத்தார். அதனையடுத்துப் பல நாடுகளில் விறகு மிச்சப்படுத்தும் அடுப்புகள் உருவாயின. இலங்கையில் 1980களில் உருவான 'அனகி' அடுப்பு அவ்வகையினது. ஒரே தீவாயில் இரு பானைகள் வேகும் மண்ணடுப்பு அது. மூன்று கல் அடுப்பிலும் குறைந்த விறகில் எரிவது. இந்தியப் பொருளியலாளர் பினா அகர்வால் 1986ஆம் ஆண்டு எழுதிய நூலில் இத்தகைய அடுப்புகள் ஏன் பரவின, ஏன் பரவவில்லை என்பதை ஆராய்ந்து, வீட்டினுள்ளும் ஊரினுள்ளும் நிலவும் அதிகார உறவுகளையே காரணமாகக் காட்டினார். புகையை உட்கொள்பவள் ஒருத்தி. பணத்தைச் செலவிட முடிவு செய்பவர் வேறொருவர். இவ்வொரு வாக்கியத்தில் ஒரு நாவலுக்குரிய பொருள் அடங்கியுள்ளது.

மலையகத்தில் இன்னுமொரு சிக்கலும் உண்டு. அங்கு அடுப்பு சமைப்பதற்கு மட்டும் உரியதன்று. நுவரெலியாவின் குளிரில் அதுவே கணப்பு. நனைந்த துணிக்கு அதுவே வெயில். பிள்ளை பெற்றவளுக்கு வெந்நீரும் ஒத்தடமும் அதுவே. எரிவாயு அடுப்பு இவற்றுள் ஒன்றையே செய்யும். ஆகவே விறகை விடாத கிழவியை அறியாமையின் உருவாகக் காட்டும் சீர்திருத்தக் கதை, அவள் வாழ்வை அறியாத கதையாகும்.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி இவையனைத்தையும் ஒருசேர வெளிப்படுத்தியது. அவ்வாண்டு ஏப்பிரல் மாதத்தில் 12.5 கிலோ கிராம் எரிவாயுக் கொள்கலன் ஒன்றின் விலை 4,860 ரூபாவாக உயர்ந்தது. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளமோ 2021ஆம் ஆண்டு நிர்ணயிக்கப்பட்ட 1,000 ரூபா. அதாவது ஒரு கொள்கலனுக்கு ஏறத்தாழ ஐந்து பேர். நகரத்து வீடுகளும் விறகைத் தேடிய அந்நாட்களிற் கொழும்பு மாடிக் குடியிருப்பின் துயரம் செய்தியாயிற்று. லயத்திலோ எரிவாயுவுக்கு மாறியிருந்த சிலரும் பரணிலிருந்த பழைய அடுப்பை இறக்கினர். ஏனையோர்க்கு மாறுவதற்கே ஒன்றும் இருக்கவில்லை. அங்கு நெருக்கடி என்று தனியாகப் பெயரிடத் தக்கது எதுவும் நிகழவில்லை. நாள்தோறும் நிகழ்வதே நிகழ்ந்தது.

6

இங்கு ஒரு தடை எழுப்பப்படலாம். விறகுக் கட்டை எண்ணுவது புள்ளிவிவரத்தாரின் வேலை, இலக்கியத்தின் வேலையா? நியாயமான வினா. எமது விடை வருமாறு.

யதார்த்தவாதத்தை நாம் ஏற்றுக்கொண்டவர்கள். யதார்த்தம் என்பது பொருள்களின் பட்டியலன்று என்பதும் நாம் அறிந்ததே. அது மனித உறவுகள் இயங்கும் முறையைக் காட்டுவது. உழைப்பே அவ்வுறவுகளின் அடித்தளம் என்றும் நாம் கூறி வந்துள்ளோம். அவ்வாறாயின் ஒரு சமூகத்தின் உழைப்பிற் பாதியைக் காட்சிப் பின்புலமாக ஒதுக்கும் எழுத்து, எமது சொந்த இலக்கணத்தின்படியே முழுமையற்றதாகும். இது பெண்களுக்குச் செய்யும் சலுகையன்று. நாம் ஏற்ற கொள்கையை இறுதிவரை கடைப்பிடிப்பதாகும்.

உருவம் சார்ந்த சிக்கலும் ஒன்று உண்டு. அடுப்படி வேலை முடிவற்றது. நேற்றுப்போல் இன்றும், இன்றுபோல் நாளையும் நிகழ்வது. கதைக்கோ ஒரு திருப்பம் வேண்டும். நிகழ்ச்சிப் பின்னலையே உயிராகக் கொண்ட கதையமைப்பு இவ்வேலையைக் கண்டும் காணாததுபோற் கடந்து செல்வதற்கு இதுவே உட்காரணம். எழுத்தாளரின் அலட்சியம் மட்டுமன்று. கையிலிருந்த உருவத்தின் எல்லையும் ஆகும். வாய்மொழிப் பாடல் இவ்வகையிற் கூடுதல் வாய்ப்புடையது. திரும்பத் திரும்ப வருதல் அதற்குக் குறையன்று, இலக்கணம். அம்மரபிலிருந்து புனைகதை கற்றுக்கொள்ள வேண்டியது மண்வாசனையை மட்டுமன்று, இக்கால உணர்வையும் ஆகும். ஒரே நாளை ஏழு முறை எழுதிக் காட்டும் கதையொன்று, ஒரு வேலை நிறுத்தத்தை எழுதிய கதையினும் குறைந்த அரசியல் உடையதாயிருக்கும் என்று நாம் கருதவில்லை.

திறனாய்வு செய்யத்தக்கவை சில உள. மலையகப் படைப்பொன்றைப் படிக்கும்போது, அதில் எரியும் ஒவ்வொரு நெருப்புக்கும் விறகு எங்கிருந்து வந்தது என்று ஒருமுறையாவது கேட்போம். படைப்பு அதற்கு விடை தருகின்றதா, மறைக்கின்றதா, அறியாதிருக்கின்றதா என்பது அதன் பார்வையைக் காட்டும். அடுத்து, மிலாறு, பரண், இஸ்தோப்பு, படங்கு முதலாய தொழிற்சொற்களை அவற்றோடு வாழ்ந்த முதிய பெண்களிடமே கேட்டுப் பதிந்துகொள்வோம். கொழுந்துக்கும் கவ்வாத்துக்கும் உரிய சொற்களை ஓரளவு தொகுத்துவிட்டோம். அடுப்புக்கும் விறகுக்கும் உரியவற்றைத் தொகுக்கவில்லை. லயங்கள் இடிக்கப்பட்டுத் தனி வீடுகள் எழுந்துவரும் இக்காலத்தில், அச்சொற்களை வழங்கும் தலைமுறையும் குறைந்து வருகின்றது. தோட்டங்களிலிருந்து இப்பல்கலைக்கழகத்துக்கு வந்திருக்கும் மாணவர் அடுத்த விடுமுறையில் வீடு திரும்பும்போது, தாயிடமோ பாட்டியிடமோ ஒரு கேள்வி கேட்டுவரலாம்: 'கொழுந்து இல்லாத நாளில் காலையிலிருந்து என்ன செய்தீர்கள்?' 'சும்மாதான் இருந்தேன்' என்பதே முதல் விடையாக வரக்கூடும். அவ்விடையோடு எழுந்துவிடாமல், எத்தனை மணிக்கு அடுப்பு மூட்டினீர்கள் என்று இரண்டாவது கேள்வியையும் கேட்டு, விடையை எழுதி வருவார்களாயின், அவ்வேலைக்கு முதன்முறையாகப் பேர் போட்டவர்கள் அவர்களாவர்.